கிடைத்தால் சேர்த்துக்கொள்

மார்ச் 3, வெள்ளி

என் கோப்பில் நான் ‘வேண்டும்’ என்று எழுதியிருந்த இடத்தை ‘கிடைத்தால்’ என்று மாற்றிவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதுதான் நடந்த அநியாயம்.

மாற்றியவள் சுகந்தி, கோயம்புத்தூரில் கல்லூரி விரிவுரையாளர். தலையாட்டியவன் ரவூப், சென்னையில் ஏதோ கம்பெனியில் இருக்கிறான். இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்பே நான் திண்டுக்கல்லில் ரேடியோ கடை வைத்திருந்தேன். கடை படுத்த பிறகு, வாத்தியார் யாரும் இல்லாமல், அச்சடித்த கையேடுகளைப் புரட்டிப் புரட்டிக் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டவன். வாசிப்பானின் முதல் வரி என்னுடையது.

பின்னால் யாராவது படித்தால் விளங்கட்டும். வாசிப்பான் என்பது கண் தெரியாதவர்களுக்கான நிரல். திரையில் இருக்கும் தமிழைக் குரலில் படிக்கும். பிரெய்ல் பலகையைச் செருகினால், பலகையில் உள்ள சின்ன ஊசிகள் எழுந்து எழுந்து தாழும். விரலால் தடவிப் படிக்கலாம். நிரலை எழுதினால் மட்டும் போதாது. அதைக் கட்ட வேண்டும். கட்டும்போது மற்றவர்கள் எழுதிவைத்த பொதிகள் சிலவற்றைச் சேர்க்க வேண்டும். குரலுக்கு ஒன்று, பிரெய்லுக்கு ஒன்று, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட ஒன்று. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒரு கோப்பு சொல்கிறது. அந்தக் கோப்பைத்தான் கெடுத்துவிட்டார்கள்.

‘வேண்டும்’ என்று எழுதினால், பொதி இல்லாத கணினியில் வேலை அங்கேயே நின்று கத்தும். ‘வேண்டாம்’ என்றால் பொதி இருந்தாலும் சேராது. ‘கிடைத்தால்’ என்பது மூன்றாவது. பொதி இருந்தால் சேர்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சத்தம் காட்டாமல் விட்டுவிட்டு, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லும். ‘முடிஞ்சா வரேன்’ என்று சொல்கிறவனை நம்பி யாரும் பந்தியில் இலை போடுவதில்லை. இவர்கள் போடுகிறார்கள்.

போனில் கேட்டேன்.

“பிரெய்ல் பலகை வச்சிருக்கவங்க எத்தனை பேருண்ணா?” என்கிறாள் சுகந்தி. “புதுசா வர்ற பிள்ளைங்க கட்டிப் பாத்தா முதல் அடியிலயே நின்னுடுது. பயந்து ஓடிடறாங்க.”

“ஓடுறவன் ஓடட்டும்.”

“எல்லாரும் ஓடிட்டா நீங்களும் நானும்தாண்ணா மிஞ்சுவோம்.”

“நான் மட்டும் போதும்” என்றேன்.

சாயங்காலம் என் மனைவி ரோஸ்லின் சிலுவைப் பாதைக்குப் போனாள். நான் போகவில்லை. மோட்டார் போட வீட்டில் ஆள் வேண்டும்.

மார்ச் 5, ஞாயிறு

குழுக் கூட்டம், கணினியில். கேமராவை நான் போடவில்லை.

இதுவரை வெளிவந்த ஒவ்வொரு பதிப்பும் என் வீட்டுக் கணினியில் கட்டப்பட்டது. எல்லாப் பொதியும் அதில் இருக்கிறது, நான் தேடித் தேடி நிறுவியவை. என் கோப்பு வேண்டாம் என்றால் என் கணினியும் வேண்டாம், இனிமேல் இங்கே எதையும் கட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். கெஞ்சுவார்கள் என்று நினைத்தேன்.

“சரி சார், கோவிச்சுக்காதீங்க” என்றான் ரவூப். “வாடகை சர்வர் ஒண்ணு இருக்கு. அதுல கட்டிக்கிறோம். சந்தேகம்னா உங்களைக் கேக்குறோம்.”

“கேளுங்க” என்றேன்.

சுகந்தி சும்மா இருக்கவில்லை. “எழுத்துப் பெருக்கிக்கு நீங்க வருசக்கணக்கா ‘வேண்டாம்’னு போட்டு வச்சிருந்தீங்க. அரைகுறையாக் கண்ணு தெரியிறவங்க எத்தனை பேரு கேட்டாங்க? நீங்க வேண்டாம்னா எல்லாருக்கும் வேண்டாமாண்ணா?”

வாசிப்பான் கண் தெரியாதவர்களுக்காகச் செய்தது. அரைகுறைக் கண்ணுக்குக் கண்ணாடிக் கடை இருக்கிறது. இதைச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள்.

கூட்டம் முடிந்து பார்த்தால் காப்பி ஆறிக் கிடந்தது. ரோஸ்லின் சுடவைத்துத் தரவில்லை. “நான் சமையக்கட்டுல இருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்” என்றாள். அதற்கும் காப்பிக்கும் என்ன சம்பந்தம்?

மார்ச் 8, புதன்

பவளக்கொடி வந்தாள். பிறவியிலேயே கண் தெரியாது. பத்தாம் வகுப்பில் காய்ச்சல் வந்து காதும் போய்விட்டது. பேச்சு மட்டும் இருக்கிறது, தெருமுனைக்குக் கேட்கும். நாம் சொல்வதை அவள் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் நான் கணினியில் தட்டுவேன். வாசிப்பான் அதைப் பலகையில் ஏற்றும். அவள் தடவிப் படிப்பாள். வாசிப்பானில் பிரெய்ல் வந்ததே அவளால்தான். சோதித்துப் பார்ப்பதும் அவள்தான்.

“மாமா, உங்க பொட்டி ஆமை. நான் ஒரு வரியை முடிச்சுட்டு அடுத்த வரிக்காகக் கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கேன்” என்று கத்தினாள். ரோஸ்லின் சிரித்தாள்.

மதுரையில் ஓர் அறக்கட்டளை பிரெய்ல் அச்சகம் நடத்துகிறது. மெய்ப்புத் திருத்துகிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். பதினெட்டாம் தேதி தேர்வு. அவர்கள் கணினியில், வாசிப்பானை வைத்து எழுத வேண்டும். வயது வரம்புப்படி பவளத்துக்கு இதுதான் கடைசி. பூ மார்க்கெட்டில் வியாபாரம் செய்கிற அக்கா செல்வராணியின் வீட்டில்தான் பவளம் இருக்கிறாள்.

“அக்கா எனக்கு ஒரு மூலை குடுத்திருக்கு, குறை சொல்லல. எனக்கு மூலை பத்தாது மாமா. நானே தொறந்து நானே சாத்துற மாதிரி ஒரு கதவு வேணும்.”

இட்டிலியைத் தின்றுவிட்டு, சட்னியில் காரம் இல்லை என்று ரோஸ்லினிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 11, சனி

புதிய பதிப்பை ரவூப் கட்டி வெளியிட்டுவிட்டான். பழக்கதோஷத்தில் கட்டுமான அறிக்கையைத் திறந்தேன். நீளமானது, யாரும் படிப்பதில்லை. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் இப்படி இருந்தது: குரல், உண்டு. பிரெய்ல், இல்லை. பெருக்கி, உண்டு.

வாடகை சர்வரில் பிரெய்ல் பொதி இல்லை. கிடைக்கவில்லை, சேரவில்லை. நான் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது.

மூடிவிட்டேன். சந்தேகம் இருந்தால் கேட்பதாகச் சொன்னவர்கள் கேட்கட்டும்.

கேஸ் வந்தது. சிலிண்டர் தூக்குகிறவன் புது ஆள், வாசற்படியில் இடித்துவிட்டான்.

மார்ச் 13, திங்கள்

யாரும் கேட்கவில்லை.

மார்ச் 15, புதன்

மதுரை அறக்கட்டளைக் கணினிகளில் புதிய பதிப்பை நிறுவிவிட்டதாக ரவூப் குழுவில் போட்டிருக்கிறான். கீழே ஒரே கைதட்டல் படங்கள். சுகந்தி ஒரு பூங்கொத்து போட்டிருந்தாள்.

பலகையைச் செருகி யாராவது ஒருவர் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? படித்தவர்கள். பார்த்திருப்பார்கள். பார்த்துச் சரிசெய்துவிட்டு, எனக்குத் தெரியக் கூடாது என்று மறைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

“பவளம் பரீட்சைக்கு எல்லாம் சரியாத்தான இருக்கு?” என்று ரோஸ்லின் கேட்டாள்.

“அது இப்ப அவங்க பொறுப்பு” என்றேன். உண்மைதானே.

மாத்திரை போட மறந்து, சாப்பிட்ட பிறகு போட்டேன்.

மார்ச் 18, சனி

தண்ணீர் வந்தது. தொட்டியைக் கழுவினேன். கழுவி முடித்ததும் திரும்பவும் ஒரு தடவை கழுவினேன்.

மார்ச் 19, ஞாயிறு

பூசை முடிந்து ரோஸ்லின் வந்தபோது கூடவே செல்வராணியும் வந்தாள். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள், சேலையில் மல்லிகை நார் ஒட்டியிருந்தது. உட்காரவில்லை.

“பரீட்சை ஹால்ல அவ கையை வச்சா பலகை கல்லு மாதிரி கெடக்குது மாமா. ஒரு புள்ளி எந்திரிக்கல. ‘வரல, வரல’ன்னு கத்தியிருக்கா. அங்க இருந்த சார் ஓடி வந்து ஹெட்போனை எடுத்துத் தன் காதுல வச்சுப் பாத்திருக்காரு. குரல் வருது. நல்லாத்தான் இருக்குன்னு இவ தலையில மாட்டி விட்டு, தோள்ல தட்டிக் குடுத்துட்டுப் போயிருக்காரு.”

“காது கேக்காதுன்னு யாரும் சொல்லலியா?” என்றாள் ரோஸ்லின்.

“இவதான் சொல்லியிருக்கா. கத்திக் கத்திச் சொல்லியிருக்கா. மத்தவங்களுக்கு இடைஞ்சலா இருக்குன்னு வெளிய கூட்டியாந்துட்டாங்க அத்தை. வெளிய நான்தான் நின்னேன். ‘கருவி வேலை செய்கிறது, தேர்வர் ஒத்துழைக்கவில்லை’ன்னு எழுதி வச்சுட்டாங்களாம்.”

பவளம் நேற்றிலிருந்து சாப்பிடவில்லையாம். பேசவும் இல்லையாம். அவள் பேசாமல் இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

ரவூப் செய்தது. சுகந்தி செய்தது. செருகிப் பார்க்காத மதுரைக்காரர்கள் செய்தது. காதால் பிரெய்லைச் சோதித்த அந்த மேற்பார்வையாளர் செய்தது. ஒருவரையும் விடமாட்டேன்.

மத்தியானம் சுகந்தியின் போன்.

“அண்ணா, பவளக்கொடிக்குப் பிரெய்ல் வரலியாம்.”

“வராது.”

“வராதுன்னா?”

“சர்வர்ல பொதி இல்ல. கிடைச்சா சேர்த்துக்கோன்னு எழுதுனது நீங்க. கிடைக்கல. சேரல. அறிக்கையில தெளிவா இருக்கு.”

“அறிக்கையை எப்பண்ணா பாத்தீங்க?” என்றாள்.

“என்கிட்ட யாராவது கேட்டீங்களா?”

“எப்ப பாத்தீங்க?”

“கேட்டீங்களான்னு கேக்குறேன்.”

போனை வைத்துவிட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவது இந்தக் காலத்துப் பழக்கம்.

பேசி முடித்துத் திரும்பினால் ரோஸ்லின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

மார்ச் 20, திங்கள்

ரோஸ்லின் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், மாத்திரையை எடுத்து வைத்தாள். எல்லாம் செய்தாள். பேசவில்லை.

மார்ச் 23, வியாழன்

பவளக்கொடி வந்தாள். செல்வராணி கொண்டுவந்து விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள்.

கணினிப் பக்கம் போகவில்லை. என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது கையை நீட்டினாள்.

“சுகந்தி அக்கா எனக்கு எழுதியிருந்துச்சு. மெயில்ல. வீட்டுல பழைய பதிப்புதானே, ஊசி நல்லா எந்திரிக்குது, படிச்சேன். தப்பு என்னோடதுன்னு எழுதியிருந்துச்சு. ரவூப் அண்ணனும் எழுதியிருந்தாரு. நீங்க எழுதல. அதான் வந்தேன். பரீட்சைக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?”

அவள் உள்ளங்கையில் எழுத ஆரம்பித்தேன். ‘கோயம்புத்தூர்க்காரி என் கோப்பை’ என்பது வரை எழுதியிருப்பேன். கையை இழுத்துக்கொண்டாள்.

“அது வேணாம். கோப்பு, பொதி எல்லாம் எனக்கும் தெரியும். தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தை.”

திரும்பவும் கையை நீட்டினாள். ரோஸ்லின் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதினேன். என்ன எழுதினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவளுக்கும் எனக்கும் இடையில் உள்ளது.

விரல்களை மடக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள், வழக்கமான குரலில்லை, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரல். அவளுக்கு அப்படிப் பேச வரும் என்றே எனக்குத் தெரியாது.

“ஹெட்போனை மாட்டி விட்டாங்கள்ல மாமா, அது காதுல அதிர்ந்துச்சு. ஏதோ பேசிக்கிட்டே இருக்குன்னு தெரிஞ்சுச்சு. கேள்வியெல்லாம் படிச்சுக்கிட்டே இருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் இல்ல.”

ரோஸ்லின் காப்பி கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். எனக்குக் கொண்டுவரவில்லை.

போகும்போது பவளம் சொன்னாள்: “மறுதேர்வு கேட்டு எழுதியிருக்கேன். சுகந்தி அக்காவும் எழுதியிருக்கு. குடுத்தாங்கன்னா, உங்க சண்டையை ஹாலுக்கு வெளிய வச்சுக்கோங்க.”

கையில் எழுதுகிறபோது அவள் விரல் நுனிகள் பட்டன. தேய்ந்து வழவழப்பாக இருக்கின்றன.

மார்ச் 27, திங்கள்

மறுதேர்வுக்கு ஒத்துக்கொண்டார்கள். ஏப்ரல் ஐந்து, புதன்கிழமை. வாசிப்பான் குழுவிலிருந்து ஒருவர் நேரில் வந்து, எல்லாம் வேலை செய்கிறது என்று முன்னதாகச் சொல்ல வேண்டும். இந்தத் தடவையும் தவறினால் இன்னொரு வாய்ப்பு கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

உடனே கூட்டம். ‘கிடைத்தால்’ என்ற சொல்லே கோப்பில் எங்கும் இருக்கக் கூடாது என்றேன்.

சுகந்தி என் பெயரைச் சொல்லிக்கூடப் பேசவில்லை. பொதுவாகச் சொன்னாள். தன் கணினியில் கற்றுக்கொள்ளக் கட்டுகிறவர்களுக்கு ‘கிடைத்தால்’ இருக்கட்டும். ஆனால் மக்களுக்கு வெளியிடுகிற பதிப்பைக் கட்டும்போது ஒரு கட்டளை சேர்க்க வேண்டும்; அந்தக் கட்டளை இருந்தால் எல்லாக் ‘கிடைத்தால்’களும் ‘வேண்டும்’ ஆகிவிடும். ஒரு பொதி குறைந்தாலும் வேலை நின்றுவிடும். பெருக்கி உட்பட.

“இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே” என்றேன்.

“முதல்லயே தெரியாதுண்ணா. நீங்க கூட இருந்து சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்.”

“திட்டிக்கிட்டு இருந்தீங்க” என்றான் ரவூப். அந்தப் பையன் என்னிடம் இப்படிப் பேசியது முதல் தடவை. சார் என்ற சொல் இல்லை.

ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். எதிர்க்கவில்லை என்று சொன்னேன். எதிர்க்காததும் ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல. இதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். யாரும் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை.

மார்ச் 30, வியாழன்

ரவூப் புதிய கட்டளையோடு கட்டினான். பிரெய்ல் பொதி இல்லை என்று சொல்லி நின்றுவிட்டதாம். சந்தோஷமாகச் செய்தி போட்டிருந்தான். நிற்பதைப் பார்த்து அவர்கள் சந்தோஷப்படுவது இதுதான் முதல் தடவை.

பொதியை வாடகை சர்வரில் நிறுவ அவனுக்கு வரவில்லை. பழைய பொதி, எழுதியவர்கள் கைவிட்டுவிட்டது, இரண்டு இடத்தில் திருத்தினால்தான் ஏறும். திருத்தங்கள் என்னிடம் இருக்கின்றன. கேட்பானா என்று மத்தியானம் வரை பார்த்தேன். மூன்று மணிக்கு நானே அனுப்பினேன். எழுத்துக்குறிப்பு எதுவும் இல்லாமல், கோப்புகளை மட்டும்.

“நன்றி சார்” என்று வந்தது.

துவைத்த துணியை மடிக்கும்போது என் சட்டைகளையும் ரோஸ்லின் மடித்து வைத்தாள். போன வாரம் மடிக்கவில்லை.

ஏப்ரல் 2, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. கோயிலுக்குப் போனேன். ரோஸ்லின் பக்கத்தில் நின்றாள்.

கட்டுமானம் முடிந்தது. அறிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். பிரெய்ல், உண்டு. பெருக்கியும் உண்டு. பெருக்கி எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மதுரைக்கு யார் போவது என்று குழுவில் கேட்டார்கள். சுகந்திக்குக் கல்லூரியில் தேர்வுப் பணி. ரவூப் சென்னையிலிருந்து வர வேண்டும். கொஞ்ச நேரம் யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. நான் போகிறேன் என்று எழுதினேன். பதில் வரத் தாமதமானது. பிறகு சுகந்தி எழுதினாள்: ‘பவளக்கொடிக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.’

கேட்டேன். செல்வராணி அவள் கையில் எழுதிக் கேட்டுவிட்டுப் போனில் சொன்னாள்.

“வரட்டுமாம் மாமா. ஆனா ஹாலுக்குள்ள போயி யாருகிட்டயும் லெக்சர் அடிக்கக் கூடாதாம்.”

ஏப்ரல் 4, செவ்வாய்

நாளை தேர்வு. ஆகவேண்டியவை:

சுகந்தி: புதிய கட்டளை இல்லாமல் கட்டிய எந்தப் பதிப்பையும் வெளியே விடக் கூடாது. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கோப்பில் ‘கிடைத்தால்’ இருப்பதை நான் இன்னும் ஏற்கவில்லை என்பதை மறக்கவும் கூடாது.

ரவூப்: கட்டுமான அறிக்கையில் சேராத பொதிகளை முதல் வரியிலேயே போட வேண்டும். கைதட்டல் படம் போடுவதற்கு முன் அதைப் படிக்க வேண்டும்.

அறக்கட்டளை: ‘தேர்வர் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிய வரியை அடிக்க வேண்டும். அடித்ததை அவளுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், பிரெய்ல் எழுத்தில்.

அந்த மேற்பார்வையாளர்: ஹெட்போனைத் தொடக் கூடாது. அவள் ‘வரல’ என்று கத்தினால் நம்ப வேண்டும்.

செல்வராணி: நாளை ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போகக் கூடாது. அவளைச் சாப்பிட வைத்துக் கூட்டிவர வேண்டும்.

ரோஸ்லின்: ஏதாவது பேச வேண்டும். காப்பியை ஆறவிட்டேன் என்று என்னைத் திட்டுவதானாலும் சரி.

பவளக்கொடி: அவள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. பரீட்சை எழுதினால் போதும்.

நான்: முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவள் வருவதற்கு முன் அவள் உட்காரப் போகும் கணினியில் பலகையைச் செருக வேண்டும். வாசிப்பானைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, விரலை ஒவ்வொரு புள்ளியின் மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளி எழாவிட்டாலும் அந்த இடத்திலேயே, எல்லார் முன்னாலும், வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.